தாழம்பூவ ஏத்துக்கிட்ட மங்களநாதர்

அம்மாவுக்கு தாழம்பூன்னா உயிர். சின்ன வயசுல ஒருதடவ ஆசையா எங்க ஊர் சிவன் கோவிலுக்கு கொண்டு போயிருக்காங்க, குருக்கள் தட்டுலேர்ந்து அத மட்டும் எடுத்து ஓரமா வெச்சிட்டு "இது சுவாமிக்கு ஆகாதும்மா"ன்னுட்டாராம். அறுபது தாண்டியும் அத சொல்றப்ப முகம் வாடிடும். அதான் இந்த தடவ உத்தரகோசமங்கைக்கு கூட்டிட்டு போனேன்.

கதை தெரிஞ்சது தான். பிரம்மாவும் விஷ்ணுவும் சிவனோட அடிமுடி தேடுனப்ப, பிரம்மா முடிய பாத்துட்டதா தாழம்பூ பொய்சாட்சி சொல்லுச்சு, சிவன் இனி என் பூஜைக்கு நீ வேணாம்னுட்டார். பொதுவா எந்த சிவன் கோவில்லயும் சாத்தமாட்டாங்க. ஆனா ராமநாதபுரம் பக்கத்துல இருக்க இந்த மங்களநாதர் மட்டும் அத மன்னிச்சு ஏத்துக்கிட்டார்னு தலபுராணம் சொல்லுது, இங்க தாழம்பூ சாத்துறாங்க.

ஈரத்துணில சுத்தி கொண்டு போனோம். பிரிக்கிறப்பவே மடல் ஓரத்து முள்ளு என் கட்டவிரல்ல கீறிடுச்சு, உள்ள வெளிர்மஞ்சளா இருக்க இளமடல தொட்டா மாவு மாதிரி பொடி ஒட்டுது, அந்த வாசம் இருக்கே, பக்கத்துல நின்னவங்கல்லாம் திரும்பி பாத்தாங்க. குருக்கள் எதுவும் கேக்காம வாங்கிட்டு உள்ள போனார், தீபாராதனை வெளிச்சத்துல பாத்தா லிங்கத்து மேல நம்ம மடல். அம்மா கும்பிட்ட கைய எறக்கவே இல்ல, கண்ணுலேர்ந்து தண்ணி பாட்டுக்கு வழியுது.

எனக்கு அப்ப மாணிக்கவாசகர் ஞாபகம் தான் வந்துச்சு. திருவாசகத்துல வர்ற நீத்தல் விண்ணப்பம் 50 பாட்டுலயும் என்ன விட்டுடாதப்பான்னு அவர் கெஞ்சுறது இந்த ஊர் சாமிகிட்ட தான். தள்ளி வெச்ச பூவையே சேத்துக்கிட்டவர்கிட்ட வேற எத கேக்குறது!

அப்புறம் மரகத நடராஜர் சன்னதி. வருஷம் பூரா சந்தனக்காப்பு தான், மார்கழி திருவாதிரைக்கு தான் களைவாங்க, அதனால மரகதமேனி பாக்க முடியல. இலந்தை தான் தலவிருட்சம், பழைய மரம், அதையும் சுத்தி கும்பிட்டோம்.

கிளம்புறப்ப குருக்கள் ஒரு மடல பிரசாதமா குடுத்தார். அம்மா அத தலைல வெச்சுக்கல, மடியில வெச்சு முந்தானையால மூடிக்கிட்டாங்க, பஸ்ல வர்ற வழியெல்லாம் அப்பப்ப முந்தானைய விலக்கி மோந்து பாத்துக்கிட்டே வந்தாங்க.