குட்டியைத் தரையில் விடுங்கள்

சிவாவா, பொமரேனியன், மால்டீஸ், ஷிட்சூ போன்ற சிறிய இன நாய்க்குட்டியை வாங்கியவர்கள் என்ன உணவு கொடுக்கலாம், எந்த ஷாம்பூ நல்லது என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு நாளில் அதை எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். குரைத்தால் தூக்குகிறோம், எதிரே வேறொரு நாய் வந்தால் தூக்குகிறோம், நடக்க மறுத்து உட்கார்ந்துவிட்டாலும் தூக்குகிறோம். பெரிய நாயாக இருந்தால் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டிய இடங்களில் எல்லாம், எடை குறைவு என்பதால் நம் கைகளே வேலையை முடித்துவிடுகின்றன. சிறிய நாய்களுக்குப் பிடிவாதம் அதிகம், பழக்குவது கடினம் என்ற பேச்சில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் கருத்து.

தூக்குவதையே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கும் ஒரு முறை உண்டு. எங்கள் மால்டீஸ் குட்டி வந்த புதிதில், மேலிருந்து கை இறங்குவதைப் பார்த்ததும் காதுகளைப் பின்னுக்கு இழுத்து, முன்னங்கால்களை விறைப்பாக்கி, நாக்கால் மூக்கை ஒருமுறை நக்கிக்கொள்ளும். அதைக் கொஞ்சல் என்று விருந்தினர்கள் ரசிப்பார்கள். உண்மையில் அது சங்கடத்தின் அடையாளம். ஆகவே தூக்குவதற்கு முன் ஒரே சொல்லைச் சொல்லி, ஒரு நொடி பொறுத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து, உடம்போடு அணைத்து எடுக்கும் வழக்கத்தை வீட்டில் எல்லோரும் பின்பற்றினோம். நாளடைவில் அந்தச் சொல்லைக் கேட்டதும் அது தானாகவே கையின் மேல் சாய்ந்து கொடுக்கத் தொடங்கியது. முன்னங்கால்களைப் பிடித்து இழுத்துத் தூக்குவது மட்டும் எந்தக் குட்டிக்கும் ஆகாது.

இறக்கிவிடுவதில் இன்னும் கவனம் வேண்டும். இந்த இனங்களின் முன்னங்கால் எலும்புகள் மிக மெல்லியவை. சோஃபாவிலிருந்தோ கையிலிருந்தோ குதித்தாலே முறியக்கூடும். சிறுவர்கள் குட்டியைக் கொஞ்ச விரும்பினால் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். மூச்சுக்குழாய் நலிவதும் சிறிய இனங்களில் அடிக்கடி காணப்படும் கோளாறு என்பதால், கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டாமல், மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸில் கட்டுவதே நல்லது.

தூக்கிச் செல்வதே சரியாக இருக்கும் ஒரு காலமும் உண்டு. குட்டி உலகத்தைப் பயமின்றி ஏற்றுக்கொள்ளப் பழகும் பருவம் ஏறத்தாழ 3 வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. தடுப்பூசித் தொடரோ 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை நீள்கிறது. ஊசி முடியும் வரை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால் அந்தப் பருவம் வீணாகும். கண்ட இடத்தில் இறக்கிவிட்டால் பார்வோ என்ற கொடிய வைரஸ் தொற்றும் அபாயம் உண்டு. கையில் வைத்துக்கொண்டு வாகன இரைச்சல், குடை, தொப்பி அணிந்தவர்கள், ஓடும் குழந்தைகள் ஆகியவற்றைத் தள்ளி நின்று காட்டுவதே இதற்கு வழி. மருத்துவர் அனுமதித்த பிறகு தரையில் நடக்கட்டும். அப்போது வேறொரு நாயைக் கண்டு மிரண்டால், வெடுக்கென்று தூக்காமல், நாமே சில அடிகள் விலகி இடைவெளி உண்டாக்கித் தின்பண்டம் கொடுக்கலாம். கட்டவிழ்ந்த நாய் பாய்ந்து வந்தால் இந்தப் பாடமெல்லாம் வேண்டாம், தூக்கிவிடுங்கள்.

சிறுநீர்ப் பழக்கத்திலும் கை குறுக்கே வருகிறது. 2 மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரம் அடக்குவதே பெரிது, சிறிய இனத்தால் அதுவும் முடியாமல் போகலாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி ஓய்ந்ததும் அழைத்துச் செல்ல வேண்டும். மூக்கைத் தரையோடு ஒட்டி வட்டமிடத் தொடங்கினால் அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். மற்ற நேரங்களில் நடத்தியே கூட்டிச் சென்றால்தான் வழி அதற்குத் தெரியவரும். முடித்த அடுத்த கணமே அங்கேயே பாராட்ட வேண்டும். தவறிய இடத்தில் திட்டினால், நம் கண்ணில் படாத மூலையைத் தேடக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். கறை பட்ட இடத்தை என்சைம் கலந்த திரவத்தால் துடைப்பது நல்லது. அம்மோனியா உள்ளவை சிறுநீர் வாடையையே நினைவூட்டும்.

உணவைப் பொறுத்தவரை, மிகச் சிறிய குட்டிகளுக்கு இரத்தச் சர்க்கரை சட்டென்று குறைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. முதல் சில மாதங்களில் ஒரு நாளின் அளவை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குட்டி தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, எழுப்பியும் சோர்ந்து கிடந்தாலோ சிறிது தேனை ஈறுகளில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பயிற்சிக்கான தின்பண்டம் அரைப் பட்டாணி அளவு போதும். அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) கலந்த இனிப்புகள் அறவே ஆகாது.

பாதம், காது, வாய் ஆகியவற்றைத் தினமும் தொட்டுப் பழக்கினால் நகம் வெட்டுவதும் முடி சீவுவதும் போராட்டமாக மாறாது. வாயைத் திறந்து பார்ப்பது மிக முக்கியம். பெரிய நாய்க்கு உள்ள அதே 42 பற்கள் இந்தச் சின்னத் தாடைக்குள்ளும் முளைக்க வேண்டியிருப்பதால் நெரிசல் உண்டாகிறது. விழவேண்டிய பால் பற்கள் சில விழாமலே நின்றுவிடுகின்றன. 7 மாதத்துக்குப் பிறகும் ஒரே இடத்தில் இரண்டு பற்கள் அடுத்தடுத்துத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்தடை அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதே அவற்றையும் பிடுங்கிவிட முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம்.