மானாமதுரையில் மண் பிசைந்த மகள்

மதுரையிலிருந்து இராமேசுவரம் போகிறவர்கள் பெரும்பாலும் மானாமதுரையில் இறங்குவதில்லை. சாலையோரம் அடுக்கியிருக்கும் பானைகளையும் பூந்தொட்டிகளையும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு நேரே பாம்பன் பாலத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் இந்த முறை மானாமதுரைக்கென்றே கிளம்பினோம். நான், கணவர், என் அம்மா, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள்.

வழியில் கீழடி. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் அழகாகக் கட்டியிருக்கிறார்கள். மகள் அதிக நேரம் நின்றது கருப்பு சிவப்புப் பானைகளின் முன்னால்தான். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, எப்படி என்று கேட்டாள். கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்பக்கம் காற்றுப் படாமல் கருத்துவிடும், வெளிப்பக்கம் காற்றோடு வெந்து சிவக்கும் என்று அவள் அப்பா சொன்னார். 'ஆதன்' என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறிய பானைத் துண்டைக் காட்டியபோது, "பானையில பேர் எழுதினா அவங்க அம்மா திட்ட மாட்டாங்களா?" என்றாள். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய ஒரு பொருளிடம் இப்படிக் கேட்கக் குழந்தையால்தான் முடியும்.

அங்கிருந்து திருப்புவனம் தாண்டி மானாமதுரை. வைகைக் கரை ஊர். சுற்றுவட்டாரக் கண்மாய் மண்தான் இங்குள்ள மண்பாண்டத் தொழிலுக்கு உயிர். இங்கே செய்யும் கடம் கச்சேரி மேடைகளில் பேர் பெற்றது. 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் தெருவுக்குள் போனால் அந்தப் பெருமையெல்லாம் தெரியாது. வாசலில் காயும் அகல்விளக்குகள், சுவரில் சாய்த்த வைக்கோல், காற்றில் ஈரமண் வாசம், அவ்வளவுதான்.

ஒரு வீட்டு வாசலில் வயதான ஐயா ஒருவர் மோட்டார் சக்கரத்தில் குடம் வனைந்துகொண்டிருந்தார். பார்க்கலாமா என்று கேட்டோம். "வாங்க, உக்காருங்க" என்றார். நான் படம் எடுக்க ஃபோனைத் தேடுவதற்குள் மகள் அவர் பக்கத்தில் போய்க் குத்தவைத்து, "தாத்தா, நான் செய்யட்டா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் ஒரு பிடி மண்ணை உருட்டிச் சக்கரத்தின் நடுவில் அடித்து வைத்தார். "கையைத் தண்ணியில நனைச்சுக்க ஆத்தா. நடுவுல கட்டைவிரலை அமுக்கு."

அமுக்கினாள். மண் குழிந்தது. இரண்டு கையையும் அணைத்துப் பிடித்தாள். சுவர் கொஞ்சம் எழும்பி, ஒரு பக்கமாக ஆடி, சுருண்டு விழுந்தது. எனக்கு ஐயோ என்று இருந்தது. அவளோ சிரித்துக்கொண்டே, "இன்னொன்னு தாங்க தாத்தா" என்றாள். ஐயா விழுந்த மண்ணை வழித்து உருட்டி மறுபடி வைத்தார். "சுடாத மண்ணுக்கு நட்டமே கிடையாது. எத்தனை தரம் வேணாலும் பிசையலாம்."

அப்புறம் நடந்ததைத்தான் நான் இமைக்காமல் பார்த்தேன். அடுத்த முறை அவள் அவசரப்படவில்லை. ஐயாவின் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, இடது கையை உள்ளேயும் வலது கையை வெளியேயும் தானாகவே வைத்தாள். கை அழுத்தம் கூடினால் சுவர் மெலிகிறது, தண்ணீர் கூடினால் தளர்கிறது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மண்ணே சொல்லிக் கொடுத்தது. கவுன் முழுக்கச் சேறு, மூக்கில் ஒரு தீற்று. வாய் கோணலாக ஒரு கிண்ணம் வந்தது. ஐயா நூலைக் குறுக்கே இழுத்து அறுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் விடவில்லை. "பாட்டி, நீங்க வாங்க" என்று அம்மாவை இழுத்தாள். முழங்கால் வலி, உட்கார மாட்டேன் என்ற அம்மாவுக்கு வீட்டிலிருந்த அக்கா ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். பேத்தி மண் வைக்க, பாட்டி கை வைத்தார். அம்மா இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டு நாளாகிவிட்டது. என் கணவர் செய்தது தட்டா, கிண்ணமா என்று கடைசிவரை முடிவாகவில்லை. மகள்தான் அதற்குத் தட்டு என்று பேர் வைத்தாள். தன் கிண்ணத்தின் அடியில் ஈர்க்குச்சியால் பேரின் முதல் எழுத்தையும் கீறினாள். கீழடியில் பார்த்த பானைத் துண்டை யாரும் நினைவுபடுத்தவில்லை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இது மண்பாண்டம் செய்பவர்களின் பிழைப்பு, வேடிக்கை இடமில்லை. கேட்டுவிட்டு உட்காருங்கள், மண்ணுக்கும் நேரத்துக்கும் பணம் கொடுங்கள். பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் முந்தைய வாரங்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மாற்றுத் துணி அவசியம். ஈரக் கிண்ணத்தைக் காரில் கொண்டுவந்தால் கோணிவிடும். நிழலில் மெதுவாகக் காய வேண்டும், வெயிலில் வைத்தால் விரிசல் விடும், அப்புறம்தான் சூளை. நாங்கள் எங்களுடையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அடுத்த சூளை வைக்கும்போது சேர்த்துச் சுட்டுத் தருவதாக அந்த அக்கா சொல்லியிருக்கிறார்.

கிளம்பும்போது மகள் திண்ணையில் இருந்த கடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது எப்படிச் செய்வது என்று கேட்டாள். உள்ளே கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்க வேண்டும் என்று ஐயா செய்து காட்டினார். பலகையைக் கேட்டு வாங்கி அவளும் தட்டினாள். கிண்ணத்தை வாங்கப் போகும்போது அதையும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். லீவு எப்போது என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.