கூகையைப் படப்புத்தகமாக்குவோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு விலங்குப் படப்புத்தகம் செய்யப் போகிறீர்களா? கூகை என்ற ஆந்தையில் தொடங்குங்கள். எலியை ஒழிக்க செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து வளர்க்கிற பறவை. 32 பக்கம் போதும். ஒரு படத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

படத்தில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. கூகையின் தலையில் கொம்பு மாதிரி இறகு கிடையாது, முகம் இதய வடிவம். குஞ்சுகளை ஒரே அளவில் வரையவே கூடாது. தாய் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் முட்டையிடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். அதனால் மூத்ததற்கு இறகு முளைக்கும்போது கடைக்குட்டி வெறும் பஞ்சாக இருக்கும். பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிற பக்கம் இது, தாராளமாக இடம் விடுங்கள்.

இரையை முழுசாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். அதை நிஜ அளவிலேயே, நாலைந்து சென்டிமீட்டருக்கு வரையுங்கள். வாய் வழியாக வருவது, வாலுக்கடியில் போட்டுவிடாதீர்கள். பிய்த்த உருண்டைக்குள் எலியின் மண்டையோடும் மஞ்சள் பல்லும் தெரியட்டும். அருவருப்பு என்று மறைக்கத் தேவையே இல்லை.

தாள் பளபளப்பாக வேண்டாம். வகுப்பு விளக்கு பட்டால் பின்வரிசைக்குப் படமே தெரியாது.