மாங்காய் மண்டியில் பைதான் 3.10

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்காய் மண்டிக்கு நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். அங்கே கணக்கு ஓடுவது பைதான் என்கிற நிரல்மொழியில் எழுதிய ஒரு நிரலில். வண்டி வந்ததும் எடை, பெங்களூராவா செந்தூராவா என்கிற ரகம், அன்றைய விலை, கமிஷன், இறக்குக் கூலி எல்லாம் போட்டால் விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பட்டியல் அச்சாகி வந்துவிடும். எழுதியவர் மண்டிக்காரரின் சொந்தக்காரப் பையன். படிப்பு முடிந்ததும் வெளிநாடு போய்விட்டார். நிரல் சின்னதுதான். ஆனால் கூழ் ஆலைகளுக்கு லோடு போகும் மாதங்களில் அது நின்றால், காலையில் காய் கொண்டுவந்த விவசாயி சாயங்காலம் வரை பணத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சீசன் தொடங்கும் நேரத்தில் பழைய கணினியின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புதிய கணினியில் உபுண்டு 24.04 என்கிற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, சீட்டு அடிக்கும் பிரிண்டரையும் இணைத்துக் கொடுத்திருந்தார்கள். நிரலின் பேக்கப் பென்டிரைவில் பத்திரமாக இருந்தது. "காப்பி பண்ணினா ஓடிடும் இல்ல தம்பி?" என்று மண்டிக்கார அண்ணன் கேட்டார். "பார்க்கிறேண்ணா" என்றேன். தர்மபுரி, ஓசூர் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் வேலையில் இதே மாதிரிச் சிக்கலோடு அடிக்கடி வருகிறார்கள். அவர்களுக்கும் உதவும் என்றுதான் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

பேக்கப்பில் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு ஒன்று, அதாவது நிரலுக்குத் தேவையான பேக்கேஜ்களின் பட்டியல், இருந்தது. அதில் எண் கணக்குக்கு நம்பை 1.23.5, அட்டவணைகளுக்கு பாண்டாஸ் 1.5.3, எக்செல் கோப்பு எழுத ஓப்பன்பைஎக்ஸ்எல் என்று பதிப்பு எண்ணோடு குறித்திருந்தார் அந்தத் தம்பி. அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும், அது இல்லாவிட்டால் நான் இருட்டில்தான் தேடியிருக்க வேண்டும். பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் வழியாக அந்தக் கோப்பை நிறுவச் சொன்னதும், 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' (வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்) என்று மறுத்துவிட்டது. பழைய கணினியில் இருந்த உபுண்டு 22.04-இல் இந்தத் தடை கிடையாது. உபுண்டுவுக்கு மூலமான டெபியனில் 12, உபுண்டுவில் 23.04 இவற்றிலிருந்து வந்தது. கணினியின் சொந்த வேலைகளுக்கே உபுண்டு பைதானைப் பயன்படுத்துகிறது. அந்தப் பைதானுக்கு நாம் பிப் வழியாக எதையாவது நிறுவினால், உபுண்டுவின் சொந்த நிறுவியான ஏப்ட் வைத்திருக்கும் பதிப்பை மறைத்துக்கொண்டு நம்முடையது முன்னால் வந்து நிற்கும். பிறகு சம்பந்தமே இல்லாத இடத்தில் ஏதாவது உடையும். தடையைத் தாண்ட ஒரு ஆப்ஷன் இருப்பதாக அந்தச் செய்தியே சொல்கிறது. பலரும் அதைத்தான் முதலில் போடச் சொல்கிறார்கள். நான் போடவில்லை. வருமானமே நம்பியிருக்கும் கணினியில் அது கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இந்த நிரலுக்கென்று தனிப் பைதான் சூழலான வென்வ் உருவாக்கலாம் என்று போனால், அதற்குள் பிப்பை வைக்கும் என்ஷ்யூர்பிப் இல்லை என்றது. உபுண்டுவில் வென்வ் தனிப் பேக்கேஜாக வரும். ஏப்ட் வழியாக பைதான்3.12-வென்வ் என்பதை நிறுவியதும் அது தீர்ந்தது.

உண்மையான சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. வென்வ் உள்ளே நம்பை நிறுவும்போது திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. இப்படி வந்தால் பெரும்பாலானவர்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு அதையே தேடுகிறார்கள். கடைசி வரியில் பொதுவாக எதுவும் இருக்காது. 'இந்தப் பிழை துணைச் செயலிலிருந்து வந்தது, பிப்பின் சிக்கலாக இருக்க வாய்ப்பில்லை' என்கிற மாதிரி ஒரு குறிப்புதான் இருக்கும். அங்கிருந்து மெல்ல மேலே போக வேண்டும். 'எரர்' என்று முடியும் ஒரு சொல்லோடு ஒரு வரி எங்காவது நிற்கும். எனக்குக் கிடைத்தது, பைதானோடு வரும் பிகேஜியூட்டில் என்கிற மாட்யூலில் (நிரல் பாகத்தில்) இம்ப்இம்போர்ட்டர் என்று ஒன்று இல்லை என்கிற வரி.

அந்த ஒரு வரியில் முழுக் கதையும் இருக்கிறது. பைதான் 3.12 வந்தது 2023 அக்டோபரில். அதில் பல பழைய பாகங்களை நீக்கினார்கள். டிஸ்ட்யூட்டில்ஸ் போனது, இம்ப்இம்போர்ட்டரும் போனது. நம்பை 1.23.5 அதற்கு முந்தைய ஆண்டில் வந்தது, 3.8 முதல் 3.11 வரைக்கும்தான் அதற்கு வீல் கோப்புகள் உண்டு. வீல் என்றால் ஏற்கெனவே கம்பைல் செய்து, அதாவது கணினி நேராக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி, வைத்த பேக்கேஜ், இறக்கி விரித்தால் வேலை முடிந்தது. 3.12-க்குப் பொருந்தும் வீல் இல்லாததால் பிப் மூலநிரலை இறக்கி இங்கேயே கம்பைல் செய்யப் பார்த்தது. அதற்காக நம்பை கேட்கிற பழைய செட்டப்டூல்ஸ் என்கிற கருவி, 3.12-இல் இல்லாத இம்ப்இம்போர்ட்டரைத் தேடி விழுந்தது. பிப்பை மேம்படுத்தினாலும், அது சேமித்து வைத்திருக்கும் கேஷை அழித்தாலும், கம்பைலர் நிறுவினாலும் இது தீரவே தீராது. பைதானின் பதிப்பு மாற வேண்டும், இல்லாவிட்டால் நம்பையின் பதிப்பு மாற வேண்டும்.

நம்பை, பாண்டாஸ் இரண்டையும் புதிதாகப் போட்டுப் பார்த்தேன். அழகாக நிறுவியது. நிரலும் திறந்தது. முதல் லாட்டைச் சேர்த்ததும், பாண்டாஸின் அட்டவணையான டேட்டாஃப்ரேமில், வரி சேர்க்கும் அப்பெண்ட் இல்லை என்று நின்றுவிட்டது. பாண்டாஸ் 2.0-இல் அந்த அப்பெண்டை எடுத்துவிட்டார்கள், அதன் இடத்தில் கான்கேட் பயன்படுத்தச் சொல்கிறார்கள். இந்த நிரலில் லாட் சேர்க்கும் இடமெல்லாம் அப்பெண்ட்தான். திருத்த முடியாத வேலை இல்லை. ஆனால் விவசாயியின் பணக்கணக்கு போடும் நிரலை, சீசன் வாசலில் நிற்கும்போது, சோதித்துப் பார்க்க நேரமில்லாமல் மாற்றக் கூடாது. இப்போதைக்குப் பழைய பைதானைக் கொண்டுவருவோம், நிரலைச் சீசன் முடிந்ததும் திருத்துவோம் என்று முடிவு செய்தேன்.

எந்தப் பழைய பைதான்? ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பைதானின் பதிப்பு இருக்காது. எழுதியவரைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் நிரல் இருந்த ஃபோல்டருக்குள் பைகேஷ் என்றொரு ஃபோல்டர் பேக்கப்போடு வந்திருந்தது. பைதான் ஒரு மாட்யூலை முதல்முறை ஏற்றும்போது அதன் கம்பைல் செய்த வடிவத்தை அங்கே வைக்கும், கோப்பின் பெயரிலேயே சிபைதான்-310 என்று பதிப்பும் இருக்கும். குப்பை என்று நினைத்து இதை அழிக்கிறவர்கள் அதிகம். எனக்கு அன்று அதுதான் சாட்சி. பழைய கணினியில் ஓடியது பைதான் 3.10.

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு நண்பரிடம் போனில் சொன்னதும், "3.10-ஐ நிறுவிட்டு பைதான்3 லிங்க்கை அதுக்கு மாத்திடுடா" என்றார். கணினி முழுவதும் பயன்படுத்தும் பைதானையே மாற்றச் சொல்கிறார். தயவு செய்து இதை யாரும் செய்யாதீர்கள். தர்மபுரியில் ஒரு கணினி மையத்தில் இதைச் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னல் திறக்காது, ஏனென்றால் உபுண்டுவில் க்னோம் டெர்மினலைத் தொடங்குவதே ஒரு பைதான் ஸ்கிரிப்ட். ஏப்ட் பக்கம் போனால் ஏப்ட்_பிகேஜி என்ற மாட்யூலைக் காணோம் என்று வரும். அங்கே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்து மட்டும் வரும் கன்சோலுக்குப் போய், லிங்க்கைப் பழையபடி வைத்துத்தான் மீட்டேன்.

மண்டிக் கணினியில் பைஎன்வ் போட்டேன். அது 3.10-ஐ ஹோம் ஃபோல்டருக்குள் தனியாகக் கம்பைல் செய்து வைக்கும், கணினியின் 3.12-ஐத் தொடவே தொடாது. இதில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. கம்பைல் செய்வதற்கு முன்பே தேவையான டெவ் பேக்கேஜ்களை ஏப்ட் வழியாக நிறுவிவிட வேண்டும். லிப்எஸ்எஸ்எல், இசட்லிப், லிப்எஃப்எஃப்ஐ, எஸ்க்யூலைட், ரீட்லைன் இவற்றின் டெவ் பேக்கேஜ்கள் வேண்டும். இந்த நிரல் ஜன்னல் காட்டுவது டிகிண்டரில் என்பதால் டிகே-டெவ்வும் வேண்டும். டிகே-டெவ் இல்லாவிட்டாலும் பைதான் கம்பைல் ஆகிவிடும், டிகிண்டர் சேரவில்லை என்று ஒரு எச்சரிக்கை மட்டும் வந்து போகும். அதைக் கவனிக்காமல் விட்டால் பிறகு எல்லாவற்றையும் நிறுவி, நிரலைத் திறக்கும்போதுதான் தெரியும், முதலிலிருந்து திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். அதனால் கம்பைல் ஆன உடனே டிகிண்டரை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது.

அந்த 3.10-ஐ வைத்துப் புதிய வென்வ் உருவாக்கி, பிப்பின் பதிப்பைக் கேட்டேன். அது தன் பதிப்போடு எந்தப் பைதானைச் சேர்ந்தது என்பதையும் சொல்லும். ஒரே கணினியில் இரண்டு பைதான் இருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்காமல் எதையும் நிறுவாதீர்கள். வெறும் பிப் என்று போடாமல் 'பைதான் -எம் பிப்' என்று போட்டால் குழப்பமே இல்லை.

மண்டியில் மொபைல் சிக்னல் சரியாக வராது. அதனால் பேக்கேஜ்களைக் கிருஷ்ணகிரியில் என் வீட்டிலேயே, அதே உபுண்டு, அதே 3.10 உள்ள கணினியில், பிப் டவுன்லோட் கட்டளையால் ஒரு ஃபோல்டரில் இறக்கிப் பென்டிரைவில் எடுத்துப் போயிருந்தேன். நம்பை கோப்பின் பெயரில் சிபி310 என்றும் மெனிலினக்ஸ் என்றும் இருந்தது. முதலாவது பைதானின் பதிப்பு, இரண்டாவது அது லினக்ஸுக்கான வீல் என்பதற்கு அடையாளம். மண்டியில் நோ-இண்டெக்ஸ், ஃபைண்ட்-லிங்க்ஸ் என்ற இரண்டு ஆப்ஷன்களோடு நிறுவியதும் இணையமே கேட்காமல் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பென்டிரைவ் இப்போது மண்டியிலேயே கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் மறுபடி போனாலும் பேக்கேஜ்களுக்கு யாரையும் தேட வேண்டாம்.

அண்ணனுக்கு வென்வ், அதை ஒவ்வொரு முறையும் ஆக்டிவேட் செய்வது எல்லாம் தேவையில்லாத தலைவலி. டெஸ்க்டாப் ஐகானில், எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் எக்செக் வரியில் அந்த வென்வ் உள்ளே இருக்கும் பைதானின் முழுப் பாதையையும் கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் ஆக்டிவேட் செய்யவே வேண்டாம், பைதான் தானாகவே சரியான பேக்கேஜ்களை எடுத்துக்கொள்ளும். ஐகானை அழுத்தி ஒரு பழைய லாட்டைப் போட்டுப் பார்த்தார். பட்டியல் சரியாக வந்தது. "இது போதும் தம்பி" என்றார்.

சீசன் முடிந்ததும் சொன்னபடி நிரலைத் திறந்தேன். பைதான் 3.10-க்கு 2026 அக்டோபர் வரைதான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதனால் 3.12-இல் இன்னொரு வென்வ் உருவாக்கி, அப்பெண்ட் வரிகளைக் கான்கேட்டாக மாற்றி, முடிந்த சீசனின் எல்லா லாட்டுகளையும் இரண்டு வென்விலும் ஓட்டி ஒவ்வொரு விவசாயியின் தொகையையும் ஒப்பிட்டேன். எல்லாம் பைசா சுத்தமாக ஒத்துப்போனது. ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பைப் புதிய பதிப்புகளோடு எழுதி, அதன் முதல் வரியில் பைதான் 3.12 என்று குறிப்பும் போட்டிருக்கிறேன். அடுத்த சீசனுக்கு ஐகான் புதிய வென்வுக்குத் திரும்பும். பழையது ஒரு வருடம் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.