மூத்த பயிற்றுநர் போகுமுன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

மலையகப் பாடசாலையொன்றில் முப்பது வருடம் கூடைப்பந்தாட்டம் பழக்கிய சேர் 60 வயதில் ஓய்வுபெறுகிறார். பொன்னாடை போர்த்துகிறோம், நினைவுச் சின்னம் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். அடுத்த திங்கட்கிழமை களஞ்சிய அறைச் சாவி இளைய பயிற்றுநரின் கையில் இருக்கும். பந்து எத்தனை, வலை எத்தனை என்ற கணக்கும் இருக்கும். ஆனால் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தப் பிள்ளை எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் எந்த இடாப்பிலும் இராது. கடைசி ஒரு வருடத்தில் அவர் பக்கத்தில் கொப்பியோடு நின்றவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும்.

முதலில் மழை. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரமானால் இடியோடு கொட்டும். பாடசாலை 1.30க்கு விடும், பயிற்சி தொடங்க 2 மணியாகிவிடும். காய்ந்த தரை எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அனுபவசாலிகள் பாட ஒழுங்கையே மாற்றிவைத்திருப்பார்கள். தரை தேவைப்படும் ஓட்டமும் லே-அப்பும் (ஓடிவந்து வளையத்துக்குக் கிட்டக் குதித்துப் பந்தைப் போடுவது) முதலில் வரும். நின்ற இடத்தில் பந்து தட்டுவது, 3 மீற்றர் தூரத்தில் சுவரில் எறிந்து பிடிப்பது, பிவட் கால் (ஒரு காலை ஊன்றியபடி மற்றக் காலை நகர்த்தித் திரும்புவது), விதிமுறை விளக்கம் எல்லாம் பின்னால் போகும். மழை விழுந்தால் அந்தப் பாதியை அப்படியே மண்டப விறாந்தைக்கு எடுத்துப் போகலாம். புதிதாக வருகிறவர் புத்தகத்தில் உள்ளபடி மெதுவான பயிற்சியில் தொடங்கி, வாரம் முழுவதும் ஒரு லே-அப்கூட போடாமல் முடிப்பதுதான் வழமையாக நடக்கும் பிழை.

அடுத்தது தரை. சீமெந்துத் தரையில் பாசி கண்ணுக்குத் தெரியுமுன்பே வழுக்கும். வளையத்துக்குக் கீழே பிள்ளைகள் குதித்து இறங்கும் இடம் தேய்ந்து மழமழப்பாகியிருக்கும், அங்கேதான் விழுவார்கள். பிளீச்சிங் தூள் கரைத்து ஊற்றி, கட்டைத் தும்புத்தடியால் தேய்த்து, தூள் மிஞ்சாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கோடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும்போது சலித்த மெல்லிய மணல் கலக்காவிட்டால் ஈரத்தில் கோடுதான் முதல் எதிரி. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தரைக்கு மேல் 5 சென்ரிமீற்றர் புதுச் சீமெந்து போட்டால் 3.05 மீற்றரில் இருந்த வளையம் 3 மீற்றராகிவிடும். அதில் பழகிய கை வெளியூர் மைதானத்தில் குறைவாக எறியும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் இரண்டு பக்கமும் நாடா பிடித்து அளக்க வேண்டும்.

ஈரத் தரையில் பழகும் பிள்ளைக்கு ஓடக் கற்பிப்பதற்கு முன் நிற்கக் கற்பிக்க வேண்டும். மலையகத்தின் நல்ல பயிற்றுநர்களிடமிருந்து அடுத்தவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய மிகப் பெறுமதியான பாடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும், தோள் அகலத்துக்கு விரிந்திருக்க வேண்டும். முழங்கால் மடிய வேண்டும், இடுப்பு பின்னால் போக வேண்டும், தலை நிமிர்ந்திருக்க வேண்டும். முதலில் நடந்து பத்துத் தரம், பிறகு மெல்ல ஓடிப் பத்துத் தரம், பிறகு பந்து தட்டிக்கொண்டு, கடைசியில் பாஸ் வாங்கிக்கொண்டு. குதிகால் முதலில் விழுந்தால் கால் வழுக்கும். முழங்கால்கள் உள்ளே மடிந்தால் தசைநார் கிழியும், பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூட. பாதம் இறங்கும் சத்தத்தை வைத்தே பிழை பிடிக்கலாம்: சரியாக நின்றால் ஒரு சத்தம், பிழையாக நின்றால் இரண்டு. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றபடி பிழை சொல்லும் சேர்மார் கேட்பது இந்தச் சத்தத்தைத்தான்.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 15 பாகைக் குளிரில் விரல் விறைத்திருக்கும்போது வேகமாக பாஸ் எறிந்தால் விரல் மூட்டு வீங்கும். முதல் பத்து நிமிடம் ஸ்வெட்டரைக் கழற்ற விடாமல், பந்தை இடுப்பைச் சுற்றியும் காலிடையிலும் உருட்டச் சொல்ல வேண்டும். வியர்த்த பிறகுதான் எறிவது.

பந்தின் காற்று உயரத்தோடு மாறும். கொழும்பில் 8 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) அடித்த பந்தை 1,868 மீற்றர் உயர நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி 10க்குக் கிட்டக் காட்டும். பந்து கல்லாகிக் கையைவிட்டுத் துள்ளும். நுவரெலியாவில் 8 அடித்துக் கீழே கொழும்பின் சுகததாச உள்ளரங்குக்குக் கொண்டு போனால் 6க்கு இறங்கிவிடும். ஆகவே பம்பும் ஊசியும் பயணப் பையில் இருக்க வேண்டும். மானி இல்லாவிட்டால் 1.8 மீற்றர் உயரத்திலிருந்து விட்டுப் பார்க்கலாம். பந்தின் மேற்பக்கம் 1.2 முதல் 1.4 மீற்றர் வரை எழும்ப வேண்டும்.

தொழில் விடயங்களைவிடக் கைமாற்றக் கடினமானது பெற்றோரின் நம்பிக்கை. கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய், "சேர் இருக்காரு, இருட்டுறதுக்கு முன்ன புள்ளய அனுப்பிருவாரு" என்ற ஒரே காரணத்துக்காக மகளை விளையாட விட்டிருப்பார். புதியவர் அந்த லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாசல்களுக்கு மூத்தவரோடு சேர்ந்து ஒருமுறையாவது போக வேண்டும். பிரதான வீதியில் இறங்கித் தோட்டத்துப் பாதையில் எவ்வளவு நேரம் நடை என்று பிள்ளை பிள்ளையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாத இடங்களில் அணியை விட்டு முதலில் நிற்பவர்கள் தூரத்துத் தோட்டப் பெண்பிள்ளைகள்தான்.

கைமாற்றத்தை ஓய்வு நாளுக்கு விடக்கூடாது. ஒரு வருடம் முன்பே வாரத்தில் ஒரு நாள் முழுப் பயிற்சியையும் இளையவர் நடத்த, மூத்தவர் கோட்டுக்கு வெளியே பேசாமல் நிற்க வேண்டும். பிறகு நட்புப் போட்டிகளில் டைம்-அவுட்டையும் (ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேசும் இடைவேளை) இளையவரின் பொறுப்பில் விட வேண்டும். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று, ஒவ்வொன்றும் 60 விநாடி. அதில் முதல் 15 விநாடி தண்ணீருக்கும் மூச்சுக்கும். பிறகு ஒரு விடயம், கூடினால் இரண்டு. ஐந்து சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் நிற்காது.

ஓய்வுபெற்ற பின் அவர் வரட்டும், கட்டாயம் வரட்டும். ஆனால் போட்டியன்று அணிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைகளின் கண் அவரிடமே போகும். எதிர்ப்பக்க மேடையில் ஒரு கதிரை போட்டு, புள்ளிக் கொப்பியின் பிரதியொன்றை மறுநாள் காலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவர் கருத்தைக் கேட்பது நல்லது.