இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்

1938-இல் கேம்பிரிட்ஜில் அழகியல் பற்றி நடத்திய வகுப்புகளில் தத்துவவாதி விட்கென்ஸ்டைன் ஒரு தையற்காரரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். வேலை தெரிந்த தையற்காரர் "ஆஹா, என்ன அழகு" என்று வியந்துகொண்டிருப்பதில்லை. "நீளம் அதிகம்" என்பார், "இப்போது சரி" என்பார். அவருடைய ரசனை முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. தத்துவ நூல்களில் உலவும் ஆட்களில் பெயரில்லாத இந்தத் தையற்காரர்தான் எனக்கு மிகவும் வேண்டியவர்.

விட்கென்ஸ்டைனும் அதே ரகம்தான். 1926 முதல் 1928 வரை வியன்னாவில் தன் சகோதரிக்காக ஒரு வீடு கட்டுவதில் முழுமூச்சாக இறங்கியிருந்தார். வேலை ஏறக்குறைய முடிந்துவிட்ட நேரத்தில், ஓர் அறையின் கூரையை மூன்று சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னார். கட்டியவர்கள் மனதுக்குள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். எனக்கோ அதைப் படித்ததும் சொந்தக்காரர் ஒருவரைக் கண்ட மகிழ்ச்சி.

என் கட்சி இதுதான்: அன்றாட வாழ்வில் அழகு என்பது நின்று ரசிக்கிற பொருளாக வருவதில்லை. ஏதோ ஒன்று சற்றே பிசகியிருக்கிறது என்ற உறுத்தலாகவும், அதைத் திருத்தியதும் வருகிற நிம்மதியாகவும்தான் வருகிறது.

துணி காயப்போடுவதையே எடுத்துக்கொள்கிறேன். பிழிந்த சட்டையைத் தோள் இரண்டையும் பிடித்து ஓங்கி ஓர் உதறு. சரியாக உதறினால் 'பட்' என்று சத்தம் வரும். வராவிட்டால் சுருக்கம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பிறகு சட்டையைத் தலைகீழாக்கி, கீழ்விளிம்பைக் கொடியில் கொஞ்சமாக மடித்துக் கிளிப் போட வேண்டும். தோளில் போட்டால் காய்ந்தபின் இரண்டு பக்கமும் கொம்பு முளைத்திருக்கும். கனமான துணிகள் கொடியின் முனைகளுக்கு அருகில், லேசானவை நடுவில். மாற்றிப் போட்டால் கொடி தொய்ந்து எல்லாம் நடுவில் வந்து குவியும். இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் காரணம் காட்டிவிடலாம். ஆனால் காலுறைகளை ஜோடி ஜோடியாக, விரல்முனைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி போடுகிறேனே, அதற்கு ஒரு காரணமும் கிடையாது. படியிறங்கும்போது ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் பார்ப்பது கண்ணில் பட்டுவிட்டால், காலி வாளியோடு மறுபடியும் ஏறுவேன்.

"எப்படிப் போட்டாலும் காயத்தானே போகிறது?" என்பார் அண்ணன்.

நியாயமான கேள்வி. ஆனால் இதே அண்ணன், மின்விசிறியில் லேசாக ஒரு 'டக் டக்' கேட்டால் நள்ளிரவிலும் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார். காற்று வரத்தானே செய்கிறது என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. ரசனையே இல்லாதவர் என்று நாம் ஒதுக்கிவைக்கிற பலருக்கும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. கண்ணில் இல்லாவிட்டால் காதில், காதில் இல்லாவிட்டால் கைவிரலில்.

அன்றாடத்தைப் புதிய கண்களால் பாருங்கள், ஒவ்வொரு கணத்தையும் வியந்து அனுபவியுங்கள் என்று உபதேசிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. ஒவ்வொரு கிளிப்பையும் ஓவியம்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் துணி வாளியிலேயே நாறிப்போகும். அதைவிட, வியந்து பார்க்கத் தொடங்கியதுமே அது அன்றாடமாக இல்லாமல் போய்விடுகிறது. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி இந்த இடத்தில் தெளிவாக இருந்தார். 1934-இல் வெளியான நூலில், கருவிகளைப் பரிவோடு பேணி, வேலை நன்றாக அமைய வேண்டும் என்று அக்கறையோடு செய்கிற மெக்கானிக்கும் கலைஞருக்குரிய ஈடுபாட்டில்தான் இருக்கிறார் என்று எழுதினார். அந்த மெக்கானிக் எதையும் வியந்துகொண்டு நிற்கவில்லை. வேலையில் இருக்கிறார்.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டுக்கு இதெல்லாம் பிடித்திருக்காது. 1790-இல் அவர் வகுத்த கணக்குப்படி அழகைப் பற்றிய தீர்ப்பில் சொந்த நாட்டம் எதுவும் கலக்கக் கூடாது. நாக்குக்கும் மூக்குக்கும் இதமாக இருப்பது வேறு, அழகு வேறு. மோப்பத்தின் மேல் அவருக்குத் தனிக் கோபமே உண்டு. புலன்களிலேயே நன்றிகெட்டது அதுதான் என்றார். வாசனை தடவிய கைக்குட்டையை ஒருவர் எடுத்தால் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் விரும்பாவிட்டாலும் முகர்ந்தாக வேண்டியிருக்கிறதே என்றும் அலுத்துக்கொண்டார். அந்தக் கடைசிக் குறையில் உண்மை இருக்கிறது. மூடிய லிஃப்டில் போனவர்களுக்குத் தெரியும். ஆனாலும் வெயிலில் காய்ந்த துண்டின் மணத்தை வெறும் இதம் என்று கீழே தள்ள என்னால் முடியவில்லை. 2020-இல் வெளியான வேதியியல் ஆய்வு ஒன்று, அப்படிக் காய்ந்த துண்டுகளில் பென்டனல், ஆக்டனல், நோனனல் போன்ற ஆல்டிஹைடுகள் என்ற மணமுள்ள வேதிப்பொருள்களைக் கண்டது. வீட்டுக்குள்ளே காய்ந்த துண்டில் அந்த மணம் இல்லை என்பது நம் மூக்குக்கு முன்பே தெரிந்த சேதி. மூக்கு நுட்பமாக வேறுபடுத்துகிறது, ஒப்பிடுகிறது, "இது சரியாகக் காயவில்லை" என்று தீர்ப்பும் சொல்கிறது. தையற்காரர் செய்வதும் அதைத்தானே?

சங்கடம் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. திருத்தத் துடிக்கிற கண் தன் கொடியோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் பல குடியிருப்புகளின் விதிகள் வெளியில் துணி காயப்போடுவதையே தடைசெய்கின்றன. பார்ப்பதற்கு நன்றாக இல்லையாம். அதனால் வெயில் கொளுத்துகிற நாளிலும் மின்சார உலர்த்தி ஓடுகிறது. புளோரிடா போன்ற மாகாணங்கள், கொடி கட்டும் உரிமைக்குச் சட்டப் பாதுகாப்புத் தர வேண்டியதாயிற்று. அன்றாட அழகியலைத் தத்துவத்தில் தனித்துறையாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவரான யூரிகோ சைட்டோ இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார்: சின்னச் சின்ன ரசனைகள் அற்பமாகத் தோன்றும், ஆனால் அவை சேர்ந்து எதை வாங்குகிறோம், எதை எறிகிறோம், எவ்வளவு தண்ணீரைக் கொட்டிப் புல்வெளியைப் பச்சையாக வைத்திருக்கிறோம் என்பதையெல்லாம் தீர்மானிக்கின்றன.

கொடியைத் தடைசெய்தவருக்கும் காலுறையைத் திருப்பிப் போடுகிற எனக்கும் உறுத்தல் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் நாளாயிற்று. வேறுபாடு உறுத்தலில் இல்லை, அதை யார் தலையில் கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. என் காலுறையைத் திருப்புவதற்கான செலவு சில படிகள். ஏறுவது என் கால்கள். எதிர்மாடிக்காரர் ஒரே கிளிப்பில் மூன்று துணிகளைக் கோத்துத் தொங்கவிடுகிறார், சட்டைகளுக்குத் தோளில்தான் கிளிப். எனக்குக் கை பரபரக்கிறது. அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கேட்டால் காயத்தானே போகிறது என்பார்.