கோச் வீட்டுக்குப் பக்கத்து வீடு

நியூ ஜெர்சிக்கோ டல்லாஸுக்கோ குடிபோகிற தமிழ்க் குடும்பத்துக்குப் புதிதாகப் பழகிக்கொள்ள அவ்வளவாக ஒன்றும் இல்லை. கோயில் இருக்கிறது, கடையில் இட்லி மாவு கிடைக்கிறது, பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது ஓக்லஹோமா மாநிலத்து மிட்வெஸ்ட் சிட்டி. டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒட்டி 1942-இல் உருவான ஊர். எங்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒன்று பட்டாளத்தில் இருந்தவர், இல்லையென்றால் தளத்தில் விமானம் பழுது பார்க்கிறவர். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டுமாக இருந்தவர்.

அவருக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. இங்கே பெரியவர்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் என் கணவருக்கும் அதற்கு வாய் வரவில்லை. நல்லவேளை, சாஃப்ட்பால் சொல்லிக் கொடுப்பவர் என்பதால் ஊரே அவரைக் 'கோச்' என்றுதான் கூப்பிடுகிறது. சாஃப்ட்பால் பேஸ்பால் மாதிரி ஓர் ஆட்டம்: பந்தை மட்டையால் அடித்துவிட்டு, நான்கு மூலைகளில் இருக்கும் 'பேஸ்'களைச் சுற்றி ஓட வேண்டும். நாங்களும் அப்படியே ஒட்டிக்கொண்டோம்.

குடியாத்தம் பக்கம் மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு கிடையாது. என் மாமாவே அந்த வகைதான். முறுக்கு மீசை, கேன்டீன் சரக்கு, காஷ்மீர் பனியில் காவல் நின்ற கதை. கோச்சும் அப்படி ஏதாவது எடுத்துவிடுவார் என்று காத்திருந்தோம். வந்ததெல்லாம் சாஃப்ட்பால் கதை.

1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்க அரசு பிறந்த தேதிகளைச் சீட்டுப் போட்டுக் குலுக்கி, இளைஞர்களில் யாரை முதலில் பட்டாளத்துக்கு அழைப்பது என்று முடிவு செய்தது. முதலில் வந்த சீட்டு செப்டம்பர் 14. கோச்சின் பிறந்த நாளும் சீக்கிரமே வந்துவிட்டது. பீரங்கிப் படை, வியட்நாமில் ஒரு வருடம். அதைப் பற்றி அவர் வாயிலிருந்து வருவது இவ்வளவுதான். கடையில் யாராவது அவர் தொப்பியைப் பார்த்து, "உங்கள் சேவைக்கு நன்றி" என்றால், "நானா போனேன்? சீட்டு விழுந்தது" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். இந்த நாட்டில் அந்த நன்றி கொஞ்சம் மலிவாகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். அவர் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.

சீட்டு விழுந்து போனவர், தானாகவே இருபது வருடம் தங்கிவிட்டார். ஜெர்மனி, மறுபடி அமெரிக்கா, மறுபடி ஜெர்மனி, கடைசியில் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் ராணுவ முகாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டி கட்ட வேண்டும். எந்த முகாமுக்கு மாற்றினாலும் அங்கே ஒரு சாஃப்ட்பால் மைதானம் இருக்கும். சாயங்காலம் போய் நின்றால் ஏதாவது ஓர் அணியில் ஆள் குறையும்.

அவர் மனைவி ஜெர்மனிக்காரர். இருபத்திரண்டு வயதில் கைக்குழந்தையோடு இங்கே வந்து இறங்கியபோது ஆங்கிலம் அரைகுறை. கோச் அவரை மைதானத்துக்கு அழைத்துப் போய் ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்தாராம். அதற்கு ஆங்கிலமே தேவையில்லை. பந்து வீசுகிறவர் 1, மட்டைக்காரருக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சர் 2, முதல் பேஸ் 3 என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். 6-4-3 என்று எழுதினால், இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்காரரிடம் வீச, அவர் அதை முதல் பேஸுக்கு வீச, இரண்டு பேர் அவுட். நோட்டு எழுத உட்கார்ந்த பெஞ்சில்தான் அவருக்கு முதல் சிநேகிதி கிடைத்திருக்கிறார், குழந்தைக்கு டாக்டர் யார் என்று தெரிந்திருக்கிறது, மலிவான மளிகைக் கடை தெரிந்திருக்கிறது. நாங்கள் வந்த புதிதில், மதியம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்த என்னையும் அவர் அதே மாதிரி ஒரு பெஞ்சுக்குத்தான் இழுத்துக்கொண்டு போனார். இப்போது எனக்கும் நோட்டு எழுத வரும்.

என் மகளைக் கோச்சின் பேத்தி ஆடுகிற அணியில் சேர்த்தோம். அவளுக்குத் தெரிந்தது அவள் அப்பா சொல்லிக் கொடுத்த கிரிக்கெட். முதல் ஆட்டத்தில் பந்தை அடித்துவிட்டு மட்டையோடு முதல் பேஸுக்கு ஓடினாள். போதாக்குறைக்கு அங்கே போய் மட்டையைத் தரையில் தேய்த்து வேறு காட்டினாள். கோச் சிரிக்கவே இல்லை. மட்டையைக் கீழே போடு, கால் பேஸில் பட்டால் போதும் என்று மட்டும் சொன்னார். கிரிக்கெட்டில் விக்கெட்டுக்குப் பின்னால் பந்தைத் தட்டிவிடும் அழகெல்லாம் இங்கே செல்லாது. பின்னால் போனால் ஃபவுல், அதில் ஓட்டம் கிடையாது. முன்பக்கக் கோடுகளுக்குள் பட்டால் ஓடியே ஆக வேண்டும், யோசிக்க நேரமில்லை. கிரிக்கெட் ஆடுகளம் 66 அடி. பெரிய பெண்கள் சாஃப்ட்பாலில் பந்து வருவது 43 அடியிலிருந்து. கையைக் காற்றாலை மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிக் கீழிருந்து விடுவார்கள். நல்ல வீராங்கனை வீசினால் அது வந்து சேர அரை நொடிகூட ஆகாது. பேரில்தான் சாஃப்ட். பந்து கணுக்காலில் பட்டு வீங்கியதற்கு நான் மஞ்சள் பற்றுப் போட்டதை அணியே வேடிக்கை பார்த்தது.

இன்னொன்று, சைரன். இங்கே சனிக்கிழமை பகல் 12 மணிக்குச் சூறாவளி எச்சரிக்கை சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். அது தெரியாத எனக்கு, ஆட்டத்தின் நடுவில் ஊர் முழுக்க ஊளையிட ஆரம்பித்ததும் கைகால் ஓடவில்லை. மற்றவர்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோச் காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பீரங்கிச் சத்தத்தில் போன காது அது. கருவி முன்னாள் படைவீரர் நலத்துறை கொடுத்தது. ஆனால் நிஜமான சூறாவளிக்கு அவர் அலட்சியம் காட்டுவதில்லை. 2013 மே மாதம் பக்கத்து ஊரான மூரைச் சூறாவளி துடைத்துப்போட்டு 24 பேரைக் கொன்றதை இங்கே யாரும் மறக்கவில்லை. அவர் வீட்டுக் கார் ஷெட்டில் தரைக்குள் இரும்புப் பதுங்கறை இருக்கிறது. எங்கள் வீட்டில் இல்லை. வந்த முதல் வசந்த காலத்திலேயே ஷெட் கதவின் எண்ணைச் சொல்லிவிட்டார்.

அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு ஆறு மாதம் இருந்தபோது அவருக்கும் கோச்சுக்கும் பேச்சு எப்படி ஓடியது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இருவருக்கும் சர்க்கரை. வியட்நாமில் காடுகளை அழிக்கத் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு மருந்துக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டென்று ஏற்று, அங்கே இருந்த வீரர்களுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. "எனக்கு இட்லி அரிசி கொடுத்தது, யாரிடம் போய் நிவாரணம் கேட்பது?" என்றார் அப்பா. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கோச் வெகுநேரம் சிரித்தார்.

கோச்சின் வருடத்தில் ஒரு வாரம் மட்டும் யாரும் கை வைக்க முடியாது. மே மாதக் கடைசித் திங்கள், பட்டாளத்தில் உயிர்விட்டவர்களை நினைக்கும் மெமோரியல் டே. காலையில் எல்ஜினில் இருக்கும் ஃபோர்ட் சில் தேசியக் கல்லறைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார். கல்லறைகளின் முன்னால் சின்னச் சின்னக் கொடிகள் நட்டிருக்கும். அதே வாரம் வியாழக்கிழமை, ஓக்லஹோமா சிட்டியில் மகளிர் கல்லூரி சாஃப்ட்பாலின் தேசிய இறுதிச் சுற்று தொடங்கும். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் வந்து உட்காருகிறார்கள், பெண்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு! எங்கள் பக்கத்து நார்மனில் உள்ள ஓக்லஹோமா பல்கலைக்கழகம் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தது. கோச்சின் மகள்கள் வேறு மாநிலங்களிலிருந்து பிள்ளைகளோடு வந்து சேருவார்கள். வீட்டில் படுக்க இடமிருக்காது. இரண்டு பேத்திகள் எங்கள் ஹாலில் தூங்கித் தோசை சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் சாஃப்ட்பால் ஆட்டங்கள் இதே ஓக்லஹோமா சிட்டியில் நடக்கப்போகின்றன. 2008-க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டு, டோக்கியோவில் ஒருமுறை திரும்பக் கொண்டுவந்து, பாரிஸில் மறுபடி தூக்கிய ஆட்டம். கோச் இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், நாங்கள், அப்பாவுக்கும் ஒரு டிக்கெட். அப்பா போனில், ஜூலை வெயிலில் அங்கே போய் யார் வேகிறது, டிவியில் பார்த்தால் ஆகாதா என்கிறார். கோச்சிடம் நான் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பெரிய குடையோடு வந்து நிற்பார்.